நிதானத்துக்கு நாற்பது சதவீதம்

மூன்று பொத்தான்களில் ஒன்றைத் தொட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்காக நிதானம் நூலகத்தின் பின்பக்கம் நிறுத்தியிருந்த காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு, முக்கால் மணி நேரமாக வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

நிதானம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. பல் தேய்க்கும் பிரஷ் வாங்குவதென்றால்கூட நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது நாள் முதல் கடைக்கே திரும்பிப் போகிறவர் அவர். அதனால் நூலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. நாளடைவில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே விலகி வழிவிட ஆரம்பித்துவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதர் நாற்பத்தெட்டாவது வயதில் செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு டர்போ கார் வாங்கிவிட்டார். தரையோடு தரையாக உட்கார வைக்கும் சீட், பின்னால் ஒரு இறக்கை, அதன் கீழே 'டர்போ' என்று வெள்ளி எழுத்து, பார்த்தாலே சண்டைக்கு வருவது போன்ற முகம். ஏன் வாங்கினார் என்றால் அவருக்கே சரியாகத் தெரியாது. விற்றவர் சாவியைக் கையில் வைத்து, "டர்போ வண்டி சார், கொஞ்சம் மரியாதையா ஓட்டுங்க," என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தன்னைப் பார்த்து 'மெதுவாகப் போ' என்று சொல்கிறாரே என்று நிதானத்துக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

ஆறு மாதம் மரியாதையாகத்தான் ஓட்டினார். அப்புறம் எங்கேயோ 'ரீமேப்' என்ற வார்த்தையைப் படித்துத் தொலைத்தார்.

விஷயம் இதுதான். இன்ஜினுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. எப்போது எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்று அதில் ஒரு கணக்கு எழுதியிருக்கிறது. அந்தக் கணக்குக்குப் பெயர் மேப். அதை அழித்துவிட்டு வேறு மேப் எழுதினால், அதே இன்ஜின் இன்னும் அதிகமாக இழுக்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருந்தால் கேட்கவே வேண்டாம்; அது இல்லாத வண்டியில் பெரிதாக ஒன்றும் நடக்காது.

நிதானம் பதினோரு நாள் ஆராய்ச்சி செய்தார். கார்ப் பிரியர்கள் இணையத்தில் எழுதிய அறுநூற்று நாற்பது கருத்துகளைப் படித்தார். 'ஆதரவு', 'எதிர்ப்பு', 'வசவு' என்று நோட்டில் தலைப்பு வாரியாகப் பிரித்தார். கடைசியில் தபாலில் ஒரு தீப்பெட்டி அளவுப் பெட்டியை வரவழைத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால், போன் திரையில் மூன்று பொத்தான்கள் வரும். சிக்கனம். வேகம். வெறி.

'வேகம்' என்று முடிவு செய்துதான் வந்தார். ஆனால் கட்டைவிரல் இறங்கவில்லை.

அப்போது போன் அடித்தது. மனைவி.

பதறிப்போய்ப் பச்சைப் பொத்தானைத் தொடப் போனார். அதே நொடியில், இத்தனை நேரம் எடுக்காத எரிச்சலில், அந்தப் பக்கம் மனைவி போனை வைத்துவிட்டாள். பச்சைப் பொத்தான் மறைந்தது. அது இருந்த இடத்தில் 'வெறி' இருந்தது. கட்டைவிரல் அதன் மேல் சப்பென்று இறங்கியது.

பெட்டியில் விளக்கு மினுக்கியது. திரையில் எழுத்து ஓடியது. 'வாழ்த்துகள்! உங்கள் இன்ஜினின் சக்தி நாற்பது சதவீதம் உயர்ந்துவிட்டது. பொறுப்புடன் ஓட்டவும்.'

"ஐயையோ," என்றார் நிதானம்.

ஸ்டார்ட் செய்தார். கிளட்சை வெடுக்கென்று விட்டார். கார் தவளை மாதிரி ஒரு தாவு தாவி, சுவருக்கு ஒரு சாண் இருக்கையில் நின்று அணைந்தது.

"நாற்பது சதவீதம்!" என்று கத்தினார். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

வீடு வரை முதல் கியரிலேயே வந்தார். ஒரு சைக்கிள்காரர் முந்திப் போனார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் மூன்று தெருவுக்குப் பக்கத்திலேயே வந்து, கடைசியில் சலித்துப்போய் அவரும் முந்திப் போய்விட்டார்.

"பத்து நிமிஷ வழிக்கு ஒரு மணி நேரமா?" என்றாள் மனைவி.

"சனிக்கிழமை பாரு. ஒரே கூட்டம்."

அது அவள் மனசுக்குள் பதிவாகிவிட்டது என்று நிதானத்துக்குத் தெரியும். அவள் கோர்ட்டில் ஸ்டெனோகிராபர். நீதிபதி இருமினால்கூட 'இருமல்' என்று குறித்துக்கொள்கிற ரகம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன எல்லாமே தேதியோடும் நேரத்தோடும் அவளிடம் இருந்தன. அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டபோது, "பெட்ரோல் மிச்சம் பண்ற கருவி," என்று அவர் சொல்லியிருந்தது உட்பட.

நல்லவேளையாக மச்சான் வந்திருந்தான். மனைவியின் தம்பி. நீச்சல் பயிற்சியாளன். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். சொந்தமாக வைத்திருப்பது ஒரு சைக்கிள்தான் என்றாலும், இன்ஜின் உள்ள எதைப் பற்றியும் அவனிடம் ஒரு முடிந்த முடிவு இருக்கும்.

நிதானம் அவனை வாசலுக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"நாப்பதா?" மச்சானுக்குக் கண் விரிந்தது. "சாவியைக் குடுங்க அத்தான். ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்து சொல்றேன்."

ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது. இறங்கியவன் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

"என்னடா ஆச்சு?"

"அத்தான், நான் ஆக்ஸிலேட்டரை அழுத்தவே இல்ல. அழுத்தலாம்னு நினைச்சேன். அவ்வளவுதான். அதுக்குள்ள தெருமுனை வந்துடுச்சு!"

"அவ்வளவு வேகமா?"

"முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. இது கார் இல்ல அத்தான், ராக்கெட்டு. உடனே பழைய மேப்பைப் போட்டுடுங்க."

போட்டுவிடலாம் என்று போனை எடுத்தார்கள். 'பழைய மேப் சேமிக்கப்படவில்லை' என்றது திரை.

"சேமிக்கலையா?"

"என்னைக் கேக்கவே இல்லையேடா!"

மச்சான் பானெட்டைத் திறந்தான். உள்ளே இருப்பதையெல்லாம் ஆழமாகப் பார்த்தான். "ம்ம்," என்றான். மூடினான். விசிலை உருட்டிக்கொண்டே யோசித்தான்.

"கவலையை விடுங்க. அது மேலயே 'சிக்கன'த்தைப் போடுங்க. கொதிக்கிற தண்ணில பச்சைத் தண்ணி ஊத்துற மாதிரி. சரியா வெதுவெதுன்னு வந்துடும்."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. சிக்கனத்தைத் தொட்டார்கள். விளக்கு மினுக்கியது. அதே வாழ்த்துகள்.

இருவரும் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார்கள். இன்ஜினுக்குள்ளிருந்து 'உய்ய்ங்' என்று மெல்லியதாக ஒரு சத்தம் வந்தது. இதற்கு முன் இந்தச் சத்தம் இருந்ததா என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை. ஆனால் இப்போது வேறெதுவும் காதில் விழவில்லை.

"போச்சு," என்றான் மச்சான் குரலைத் தாழ்த்தி. "ரெண்டு மேப்பும் உள்ள அடிச்சுக்குது."

"யாரு ஜெயிப்பாங்க?"

"வெறிதான். சந்தேகமே வேண்டாம்."

நிதானம் இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தும்போது தூங்கும் புலியை எழுப்பாத மாதிரி பதமாகச் சாத்தினார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம், அதுவரை வண்டியைத் தொடவே வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆனாலும் அவசரத்துக்கு யாராவது எடுத்துவிட்டால்? ஆக்ஸிலேட்டர் முழுசாக இறங்கினால்தானே ஆபத்து, அது இறங்காதபடி கீழே ஏதாவது முட்டுக் கொடுத்தால் போதும் என்று மச்சானுக்கு யோசனை உதித்தது. செங்கல் வைத்துப் பார்த்தார்கள், நழுவியது. கடைசியில் நூலகத்தில் கழித்துக்கட்டிய ஓர் அகராதியின் இரண்டாம் பாகம் அந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. நைலான் கயிற்றால் கட்டிவிட்டார்கள். இனி ஆக்ஸிலேட்டர் ஒரு விரல்கடைக்கு மேல் இறங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிதானம் நிம்மதியாக இருந்தார்.

திங்கள் காலை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி போனை வைத்துவிட்டு வேகமாக வந்தாள்.

"சீக்கிரம் கிளம்புங்க. ஜட்ஜ் ஐயாவோட கார் பஞ்சராம். டிரைவரும் லீவு. நம்ம வண்டில கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிட்டேன்."

நிதானத்தின் கையிலிருந்து லேஸ் நழுவியது. "எந்த ஜட்ஜ்?"

"என் ஜட்ஜ். வேற எந்த ஜட்ஜ்?"

அவளுடைய ஜட்ஜ் இரண்டு தெரு தள்ளி இருந்தார். பாதி ஊருக்கு அவர் பெயர் தெரியும். மீதி ஊர் வேகமாக வண்டி ஓட்டி அவரிடம் மாட்டித் தெரிந்துகொண்டது. வேகத்தைப் பற்றிய வழக்கில் அவரிடம் யாரும் தப்பித்ததில்லை.

"ஆட்டோ பிடிக்கலாமே?"

"பத்தரைக்கு அவருக்கு முதல் கேஸு. இன்னைக்குத் தீர்ப்பு. லேட்டானா என் தலைலதான் விடியும். கிளம்புங்கன்னா!"

நீதிபதி தாழ்வான முன் சீட்டில் இறங்கி, இறங்கி, இன்னும் இறங்கி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்தன. மனைவி கேஸ் கட்டுகளை மடியில் அடுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

"நிதானமா ஓட்டுவீங்கன்னு சொன்னாங்க," என்றார் நீதிபதி.

"அதுதான் என் பேரே ஐயா," என்றார் நிதானம்.

சமதரையில் கார் இருபத்தைந்தில் ஊர்ந்தது. உய்ய்ங் என்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் நிதானத்தின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. நீதிபதியின் முகத்தில் மட்டும் திருப்தி தெரிந்தது. "எல்லாரும் இப்படி ஓட்டினா எனக்கு வேலையே இருக்காது," என்றுகூடச் சொன்னார். பின்னால் மனைவி பெருமையாகத் தொண்டையைக் கனைத்தாள்.

கோர்ட்டு ஒரு மேட்டின் மேல் இருந்தது.

அது நிதானத்துக்கு மறந்தே போயிருந்தது. சரிவில் பாதி ஏறியதும் கார் முனகியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அகராதி தடுத்தது. கார் உதறிக்கொண்டு நின்றேவிட்டது. அவசரமாக ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பின்னால் வக்கீல்களின் கார்கள் வரிசையாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. ஒரே நிமிஷம்."

குனிந்தார். கயிற்றை அவிழ்த்தார். அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். கடைசியில் தடியான புத்தகம் ஒன்று காலடியிலிருந்து வெளியே வந்தது.

நீதிபதி அதைப் பார்த்தார். "அது என்ன?"

"அகராதி ஐயா."

"எதுக்கு?"

"ஏதாவது சந்தேகம் வந்தா பாக்கறதுக்கு."

"வண்டி ஓட்டும்போதா?"

ஹாரன் காதைப் பிளந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து ஹேண்ட்பிரேக்கை விட்டதும் கார் பின்னால் உருளத் தொடங்கியது. வக்கீல்கள் கத்தினார்கள். நிதானம் பயத்தில் ஆக்ஸிலேட்டரை அடிமட்டம் வரை மிதித்து, கிளட்சைச் சட்டென்று விட்டார்.

இன்ஜின் அலறியது. கார் துள்ளியது. கேஸ் கட்டுகள் எழும்பி மனைவியின் முகத்தில் அறைந்தன. வாசல் காவலர் நீதிபதியின் முகத்தைக் கண்டு தடுப்புக் கம்பை உயர்த்தி சல்யூட் அடித்தார். சல்யூட் முடியும்போது அங்கே காரில்லை. கார் முற்றத்தைக் கடந்து, கல் விளிம்பில் ஏறி, செவ்வந்திப் பாத்திக்குள் புகுந்து, தோட்டக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு நின்றது. குழாய் இருந்த இடத்திலிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டு, காரின் மேல் மழையாகப் பெய்தது.

நிதானத்துக்குக் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். பக்கத்தில் நீதிபதி உயிரோடு இருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இது," என்றார் நீதிபதி மெதுவாக, "என்ன வேகம்?"

அந்த ஒரு கேள்வியில் நிதானம் உடைந்துபோனார்.

"எல்லாத்தையும் சொல்லிடறேன் ஐயா. எல்லாம் என் தப்புதான். இன்ஜினை மாத்திட்டேன். நாப்பது சதவீதம் ஏத்திட்டேன். இன்சூரன்ஸ்ல சொல்லல. போக்குவரத்து ஆபீஸ்ல சொல்லல. மேல சிக்கனம் போட்டும் அடங்கல. அடக்கறதுக்குத்தான் அகராதி."

பின்னால் 'சரக் சரக்' என்று சத்தம் கேட்டது. மனைவி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. ஒருவர் வாக்குமூலம் கொடுத்தால் அவள் கை தானாக எழுதும். எழுதிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மூணாம் தேதி," என்றாள். "காலைல ஏழு அம்பது. காபி டம்ளரை வச்சுட்டு, 'பெட்ரோல் மிச்சம் பண்ற கருவிம்மா'ன்னு சொன்னீங்க. என்கிட்ட பொய் சொன்னீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. கேட்க அவசியம் வந்ததில்லை. ஆக்ஸிலேட்டர், குழாய், செவ்வந்தி எல்லாவற்றையும்விட அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

இறங்கி நனைந்துகொண்டே நின்றார்கள். கூட்டம் கூடிவிட்டது. நீதிபதி ஈரத்தோடு அங்கேயே விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"நீ பாத்தியா?" என்று காவலரைக் கேட்டார்.

"பாக்க முடியலைங்க ஐயா. சிவப்பா ஒரு கோடு போச்சு. காத்துதான் அடிச்சுது."

"பின்னால புகைக் குழாயில நெருப்பு வந்ததை நானே பாத்தேன்," என்றார் ஒரு வக்கீல். இன்னும் இரண்டு வக்கீல்கள் தாங்களும் பார்த்ததாக எழுந்து நின்றார்கள், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாலும்.

மனைவி தம்பிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். நீச்சல்குளத்துச் சத்தத்துக்கு நடுவே மச்சான் விஷயத்தைக் கேட்டதும், "நான் அப்பவே சொன்னேன்க்கா, அது ராக்கெட்டுன்னு!" என்று அலறிவிட்டு வைத்துவிட்டான்.

"என் கணிப்புல நூத்தி இருபது," என்றார் நீதிபதி. "முப்பது வருஷமா வேகத்தைப் பத்தித் தீர்ப்பு எழுதறேன். அது எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நூற்று இருபது. நிதானத்துக்கு அவமானத்தில் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் அந்த எண்ணைக் கேட்டதும் உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில், யாருக்கும் தெரியாமல், ஏதோ ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. மனைவிகூட அவரை வேறு மாதிரி பார்ப்பது போலிருந்தது. கோபம்தான், சந்தேகமில்லை. ஆனால் கோபத்தோடு கொஞ்சம் பயமும் கலந்திருந்தது. அவளை அவர் இதுவரை பயமுறுத்தியதே கிடையாது.

"ஆறு மாசம் லைசென்ஸை ஒப்படைச்சுடறேன் ஐயா," என்றார் அவராகவே. "வண்டியையும் குடுத்துடறேன். என்ன தண்டனைன்னாலும் சரி."

"அதெல்லாம் முறைப்படி நடக்கும்," என்றார் நீதிபதி. "முதல்ல ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. இந்த இன்ஜின் எவ்வளவு ஆபத்தானதுன்னு எனக்கு எழுத்துல வேணும்."

கோர்ட்டு வண்டிகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக் அம்மாள் கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். காவலர் வக்கீல்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். நீதிபதி தானாகவே பதினைந்தடி தள்ளி நின்றார். மனைவி நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

"பாத்து திறங்கம்மா," என்றார் நிதானம். "வெறி மேப் போட்டிருக்கு. டர்போ சூடா இருக்கும். கையை வச்சுடாதீங்க."

அந்த அம்மாள் பானெட்டைத் தூக்கினார். டார்ச்சை அடித்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், முட்டி போட்டு அடியில் பார்த்தார். எழுந்து காரின் பின்பக்கம் போய் எதையோ நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முற்றத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிதானத்திடம் வந்தார்.

"சார், இந்த இன்ஜின்ல டர்போங்கற சாமானே கிடையாது, பின்னாடி எழுத்தை மட்டும் யாரோ கடையில வாங்கி ஒட்டியிருக்காங்க."